முடிவு சரியில்லை என்றால் கதை முழுதும் வீணா?

(பத்தாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி ஒருவர் எழுதிய கட்டுரை)

முன்னுரை

'வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தாற்போல' என்பது நம் பெரியோர் வழங்கிய பழமொழி. நாட்கணக்கில் ஆவலோடு தொடர்ந்து வந்த ஒரு கதை, கடைசிக் கட்டத்தில் நம்மை ஏமாற்றும்போது இப்பழமொழியின் பொருள் நன்றாக விளங்கும். சென்ற கோடை விடுமுறையில் எனக்கு அந்த அனுபவம் கிட்டியது. ஆனால் அது நூலகத்தில் எடுத்த நாவலில் அன்று. ஒரு வீடியோ கேமில்!

"ஆண்டு மலரில் வீடியோ கேமைப் பற்றியா எழுதுவது?" என்று சிலர் முகம் சுளிக்கலாம். எனவே முதலிலேயே ஓர் உண்மையைச் சொல்லி விடுகிறேன். நான் குறிப்பிடும் விளையாட்டு வயது வந்தோருக்கென வகைப்படுத்தப்பட்டது. கல்லூரிப் படிப்பை முடித்த என் அண்ணன்தான் அதை விளையாடினார். நான் வீட்டுப் பாடங்களை முடித்த பின்பு, அம்மாவின் அனுமதியோடு, அம்மா ஏற்றுக்கொண்ட பகுதிகளை மட்டும் அருகிலிருந்து பார்த்தேன். எந்த வழியில் போகலாம், யாரிடம் என்ன பதில் சொல்லலாம் என்று அண்ணனுக்கு யோசனை சொல்வது மட்டுமே என் பங்கு. ஆயினும் கதையில் வந்தவர்கள் எங்கள் இருவருக்குமே நண்பர்கள் ஆகிவிட்டார்கள். அந்த நட்பையும், முடிவில் நேர்ந்த ஏமாற்றத்தையும், அதிலிருந்து நான் கற்றதையும் இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறேன்.

கதையின் அமைப்பு

அந்த விளையாட்டின் பெயர் 'மாஸ் எஃபெக்ட்'. கனடா நாட்டின் எட்மண்டன் நகரில் உள்ள 'பயோவேர்' என்னும் நிறுவனம் இதனை உருவாக்கியது. முதற் பாகம் 2007ஆம் ஆண்டிலும், இரண்டாம் பாகம் 2010இலும், மூன்றாம் பாகம் 2012 மார்ச்சிலும் வெளிவந்தன. மூன்றையும் மெருகேற்றி ஒரே தொகுப்பாக 2021இல் வெளியிட்டார்கள். நாங்கள் பார்த்தது அந்தத் தொகுப்பைத்தான்.

ஷெப்பர்ட் என்னும் படைத் தளபதியே கதைத் தலைவர். அவர் ஆணா, பெண்ணா என்பதை ஆடுபவரே தீர்மானிக்கலாம். என் வேண்டுகோளின்படி எங்கள் ஷெப்பர்ட் ஒரு பெண். 'ரீப்பர்' எனப்படும் மாபெரும் இயந்திரங்கள் 50,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை விண்மீன் மண்டலத்துக்குள் புகுந்து, அறிவில் முதிர்ந்த உயிரினங்களை எல்லாம் பயிரை அறுப்பது போல் அறுத்துச் செல்கின்றன. அவை மறுபடியும் வருகின்றன என்பதை அறிந்த ஷெப்பர்ட், 'நார்மண்டி' என்னும் விண்கலத்தில் பல இனத்தாரையும் ஒன்று சேர்த்துப் போராடுகிறார். கதைச் சுருக்கம் இவ்வளவே.

இத்தகைய கதைகளை 'பாத்திரம் ஏற்று ஆடும் விளையாட்டு' என்பார்கள். நாவலில் ஆசிரியர் எழுதியதைத்தான் நாம் படிக்க முடியும். இங்கோ உரையாடலின் நடுவே இரண்டு மூன்று பதில்கள் தோன்றும்; நாம் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதற் பாகத்தில் எடுத்த முடிவு கணினியில் பதிவாகி, மூன்றாம் பாகத்தில் பலன் தரும். எடுத்துக்காட்டாக, முதற் பாகத்தில் ஓர் இக்கட்டான இடத்தில் ஆஷ்லி, கெய்டன் என்னும் இருவரில் ஒருவரைத்தான் காப்பாற்ற முடியும். கைவிடப்பட்டவர் பிறகு கதையில் இல்லை. அன்றிரவு அண்ணனும் நானும் ஒரு மணி நேரம் வழக்காடினோம்.

தோழமையே உயிர்நாடி

இக்கதையின் சிறப்பு போரில் இல்லை. மனித உறவுகளில்தான் இருக்கிறது. 'மனித' என்று சொல்லிவிட்டேன். அவர்களுள் பலர் மனிதரே அல்லர்! ஆயினும் குணத்தால் நம்மைப் போன்றவர்களே.

மோர்டின் என்னும் விஞ்ஞானியை எடுத்துக் கொள்வோம். குரோகன் என்னும் இனத்தாருக்குக் குழந்தைகள் பெரும்பாலும் இறந்தே பிறக்கும்படி செய்யும் ஒரு நோயை, வலுவிழக்காமல் புதுப்பித்த குழுவில் அவர் இருந்தவர். இரண்டாம் பாகத்தில், "அது தேவையாக இருந்தது" என்று கணக்குச் சொல்லித் தம்மையே சமாதானப்படுத்திக் கொள்கிறார். மூன்றாம் பாகத்தில் அந்த நோய்க்கு மருந்தைப் பரப்புவதற்காக, இடிந்து விழும் கோபுரத்தின் உச்சிக்குத் தாமே ஏறிச் சென்று உயிர் துறக்கிறார். செய்த தவற்றுக்கு வாயால் வருந்துவது வேறு. அதைச் சரிசெய்வது வேறு என்பதை அந்தக் காட்சி எனக்கு உணர்த்தியது.

கேரஸ் என்னும் வீரர் ஷெப்பர்டின் நெருங்கிய நண்பர். பெரும் போரின் இடையே ஒரு நாள் இருவரும் உயரமான ஓரிடத்தில் நின்று, புட்டிகளை எறிந்து குறி பார்த்துச் சுடுகிறார்கள். ஷெப்பர்ட் சரியாகச் சுடலாம். அல்லது நண்பர் வெல்லட்டும் என்று வேண்டுமென்றே குறி தவறலாம். அண்ணன் யோசிக்காமல் குறி தவறினார். நான் சிறுமியாக இருந்தபோது கேரம் பலகையில் அண்ணன் அடிக்கடி தோற்றது ஏன் என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது!

ஏமாற்றம் எங்கே நேர்ந்தது?

இனி முடிவுக்கு வருவோம். ரீப்பர்களின் செயலுக்குப் பின்னால் இருக்கும் ஓர் அறிவு, கடைசி நிமிடங்களில் சிறுவனின் உருவில் ஷெப்பர்டின் முன் தோன்றுகிறது. அதுவரை கதையில் நாம் பேசிப் பழகாத பாத்திரம் அது. "படைக்கப்பட்ட இயந்திரங்கள் என்றேனும் ஒரு நாள் தம்மைப் படைத்தவர்களை அழித்தே தீரும், அதைத் தடுக்கவே இந்த அறுவடை" என்பது அதன் வாதத்தின் சாரம். பிறகு மூன்று வழிகளைக் காட்டுகிறது. ரீப்பர்களை அழிப்பது ஒன்று. அவற்றைத் தன் ஆணைக்குக் கீழ்ப்படுத்துவது மற்றொன்று. உயிர்களையும் இயந்திரங்களையும் ஒன்றாக இணைத்து விடுவது மூன்றாவது. சிவப்பு, நீலம், பச்சை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம்.

இதில் என்ன குறை என்று கேட்பீர்கள். குவேரியன் என்னும் இனத்தார் முற்காலத்தில் 'கெத்' என்னும் இயந்திரங்களைப் படைத்து, அவற்றோடு போரிட்டுத் தாய்நாட்டையே இழந்தவர்கள். முந்தைய முடிவுகளைக் கவனமாக எடுத்திருந்தால், மூன்றாம் பாகத்தில் ஷெப்பர்ட் இந்த இரு சாராரையும் சமாதானப்படுத்த முடியும். நாங்கள் அதைச் செய்திருந்தோம். படைத்தவரும் படைக்கப்பட்டவரும் சேர்ந்து வாழலாம் என்பதற்குக் கண்கண்ட சாட்சி எங்கள் கையில் இருந்தது. ஆனால் அந்தச் சிறுவனிடம் அதை எடுத்துச் சொல்லி வாதிட ஒரு பதில்கூடத் தரப்படவில்லை.

"எதைத் தேர்ந்தெடுக்கலாம்?" என்று அண்ணன் கேட்டார். "எதுவும் வேண்டாம்" என்றேன். இறுதியில் அவர் சிவப்பைத் தேர்ந்தெடுத்தார். ரீப்பர்கள் அழிந்தன. அவற்றோடு, நாங்கள் பாடுபட்டுச் சமாதானம் செய்து வைத்த கெத்களும் அழிந்தன; நார்மண்டியின் இயந்திர அறிவாக இருந்து, அன்பு என்றால் என்ன என்று மெல்ல மெல்லக் கற்றுக்கொண்டிருந்த ஈடி என்னும் பாத்திரமும் மறைந்தது. நான் அழுதேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஈடி மறைந்ததற்காக மட்டும் அழவில்லை. எங்கள் நண்பர்களுக்காக ஒரு வார்த்தை பேச முடியாமற் போயிற்றே என்றுதான் அழுதேன்.

ரசிகர்களின் எதிர்ப்பு

2012இல் முதன்முதலாக வெளிவந்தபோது முடிவு இன்னும் மோசமாக இருந்ததாம். எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும் இறுதிக் காட்சிகள் ஏறக்குறைய ஒன்றே. நிறம்தான் முக்கிய வேறுபாடு. சற்று முன் பூமியில் ஷெப்பர்டோடு போரிட்ட தோழர்கள், எப்படியோ நார்மண்டியில் ஏறி வேறொரு கோளில் இறங்கி நிற்பார்கள். எப்படிப் போனார்கள் என்பதற்கு விளக்கமே இல்லை. 'முதல் முடிவு, இரண்டாம் முடிவு என்று எண்ணிச் சொல்லும்படி இது இராது' என்ற பொருள்பட இயக்குநர் கேசி ஹட்சன் முன்னரே பேட்டி அளித்திருந்ததால், ரசிகர்களின் ஏமாற்றம் பன்மடங்காயிற்று.

அவர்கள் எதிர்ப்பைத் தெரிவித்த விதம் சுவையானது. ஒரு சாரார் நோயுற்ற குழந்தைகளுக்கு மருத்துவமனைகளில் விளையாட்டுப் பொருள்கள் வழங்கும் 'சைல்ட்ஸ் பிளே' என்னும் அறநிறுவனத்துக்கு 80,000 டாலருக்கு மேல் திரட்டிக் கொடுத்துத் தங்கள் குறையை உலகறியச் செய்தார்கள். மற்றொரு சாரார் ஏறத்தாழ 400 கப்கேக்குகளை நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். மேலே சிவப்பு, நீலம், பச்சை என்று மூன்று நிறம்; கடித்துப் பார்த்தால் உள்ளே எல்லாம் ஒரே வெனிலாச் சுவை! நிறுவனத்தார் அவற்றை எட்மண்டனில் உள்ள இளைஞர் காப்பகம் ஒன்றுக்கு அளித்து விட்டார்கள். கோபத்தில் தொடங்கிய செயல் பிள்ளைகளின் வயிற்றில் இனிப்பாய் முடிந்தது நல்ல முடிவு அல்லவா?

எல்லோரும் இப்படிப் பண்போடு நடந்துகொள்ளவில்லை. சிலர் கடுஞ்சொற்களால் ஏசினார்கள். நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் ஒருவரான ரே முசைக்கா, பயனுள்ள விமரிசனத்தை வரவேற்பதாகவும், புண்படுத்தும் சொற்களை ஏற்க இயலாதென்றும் கடிதம் வெளியிட்டார். 2012 ஜூனில் விரிவாக்கப்பட்ட முடிவு விலையின்றி வழங்கப்பட்டது. காயமுற்ற தோழர்களை ஷெப்பர்ட் கலத்தில் ஏற்றி விடைகொடுக்கும் காட்சியும், பின்னர் உலகம் என்னவாயிற்று என்று கூறும் பகுதியும் அதில் சேர்க்கப்பட்டன. மூன்று வழிகளையும் மறுக்கும் நான்காவது வழியும் கிடைத்தது. ஆனால் அதை எடுத்தால் தோல்விதான்.

இலக்கியத்தில் இத்தகைய முடிவுகள்

இது இக்காலத்துப் பிள்ளைகளின் பிடிவாதம் என்று எண்ணிவிடக் கூடாது. எங்கள் ஆங்கில ஆசிரியையான அருட்சகோதரி வகுப்பில் கூறியதை இங்கே நினைவுகூர்கிறேன். ஷேக்ஸ்பியரின் 'லியர் மன்னன்' நாடகத்தில் குற்றமற்ற கார்டீலியா இறப்பதைத் தாங்க இயலாமல், 1681இல் நேகம் டேட் என்பவர் அவள் பிழைத்து மணம் புரிவதாக மாற்றி எழுதினார். ஏறத்தாழ 150 ஆண்டுகள் இங்கிலாந்து மேடைகளில் அந்த மாற்றமே கோலோச்சியது. 1838இல் மாக்ரெடி என்னும் நடிகர் ஷேக்ஸ்பியரின் முடிவை மீண்டும் மேடையேற்றினார். சார்லஸ் டிக்கன்சும் 1861இல் ஒரு நண்பரின் சொற்கேட்டு, 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலின் முடிவை அச்சேறுமுன் மாற்றினார்.

நம் தமிழிலும் சான்று உண்டு. 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்த 'பொன்னியின் செல்வன்' முடிந்தபோது, அவர் என்னவானார், இவர் என்னவானார் என்று வாசகர்கள் கேட்டார்கள். கல்கி அவர்கள் கதையை மாற்றவில்லை. ஆனால் முடிவுரை ஒன்று எழுதி, பாத்திரங்களின் பிற்கால வாழ்வைப் பொறுமையாக விளக்கினார்.

இவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் ஓர் உண்மை புலனாகிறது. துயரமான முடிவு வேறு, பொருந்தாத முடிவு வேறு. கார்டீலியாவின் மரணம் நம்மை அழவைத்தாலும் அது கதையிலிருந்தே பிறந்தது. மோர்டினின் மரணமும் அப்படியே. அதைக் குறித்து நான் குறை கூறவே இல்லை. ஆனால் சிறுவனின் வாதமோ கதை இதுவரை காட்டியதையே மறந்துவிட்டுப் பேசுகிறது. ஆகவே வாசகர் கேட்பது மகிழ்ச்சியான முடிவை அன்று. தாம் நேசித்தவர்களை ஆசிரியரும் நேசித்தாரா என்பதற்கான சான்றைத்தான்.

முடிவுரை

அந்த விளையாட்டை முடித்த இரண்டாம் நாள் அண்ணன் வேலைக்காக வெளியூர் புறப்பட்டார். ரயில் நிலையத்தில் கூட்டம். பெட்டியை ஏற்றுவதற்குள் மணியடித்துவிட்டது. சொல்ல நினைத்த எதையும் சொல்ல முடியவில்லை. கையசைத்ததோடு சரி. வீடு திரும்பும்போது, "இதுவும் சரியான முடிவு இல்லையே" என்று மனம் சோர்ந்தது.

ஆனால் அன்றிரவு எண்ணிப் பார்த்தேன். ரயில் நிலையத்தில் நேர்ந்த அவசரம், இரண்டு மாதம் அருகருகே அமர்ந்து வழக்காடியதை அழித்துவிடுமா? கேரம் பலகையில் எனக்காகத் தோற்றதை இல்லையென்று ஆக்கிவிடுமா? கடைசிப் பக்கம் சரியில்லை என்று குறை கூற வாசகருக்கு உரிமை உண்டு. பண்போடு அதைக் கூறவும் வேண்டும். அதற்காக முந்தைய பக்கங்களைக் கிழித்தெறிய வேண்டியதில்லை.

எழுதும் தோழியருக்கு ஒரு வார்த்தை: முடிவை அவசரத்தில் எழுதாதீர்கள், உங்கள் பாத்திரங்களை நேசித்தவர்கள் காத்திருக்கிறார்கள். பத்தாம் வகுப்பை முடித்துப் பிரியப்போகும் என் வகுப்புத் தோழியருக்கும் ஒரு வார்த்தை: விடைபெறுவதைக் கடைசி மணிக்கென்று ஒத்திப்போடாமல், சொல்ல வேண்டியதை இப்போதே சொல்லிவிடுவோம். நானும் அண்ணனுக்கு நான்கு பக்கக் கடிதம் எழுதிவிட்டேன். அதுவே எங்கள் கதைக்கு நான் சேர்த்த விரிவாக்கப்பட்ட முடிவு.