பஸ் ஓட்டுநரின் மகள்

தென் ஆப்பிரிக்காவில் டர்பன் என்று ஒரு நகரம் உண்டு. கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய நம் நாட்டிலிருந்து பலர் கப்பல் ஏறி அந்தப் பக்கம் போனார்கள். அப்படிப் போன தமிழர் வழியில் 1941-ஆம் ஆண்டு நவநீதம் பிறந்தார். அப்பா பஸ் ஓட்டுநர்.

நவநீதம் நன்றாகப் படித்தார். மேலே படிக்கப் பணம் இல்லை. அங்கிருந்த இந்தியர்கள் பணம் திரட்டித் தந்தார்கள். அவர் சட்டம் படித்தார்.

அப்போது அங்கே நிறவெறி ஆட்சி. வெள்ளையருக்கு ஒரு நியாயம். மற்றவருக்கு வேறு நியாயம். நவநீதத்துக்கு யாரும் வேலை தரவில்லை. அவர் சோர்ந்துவிடவில்லை. 1967-இல் தாமே வக்கீல் அலுவலகம் திறந்தார்.

ராபன் தீவுச் சிறையில் நெல்சன் மண்டேலாவும் பலரும் அடைபட்டிருந்தார்கள். அந்தக் கைதிகள் வக்கீலைப் பார்க்க வேண்டும் என்று 1973-இல் நவநீதம் வழக்குப் போட்டார். வென்றார்.

அவர் 28 ஆண்டுகள் வக்கீலாக இருந்தார். ஆனால் நீதிபதியின் அறைக்குள் அவர் நுழையக் கூடாது. நிறம்தான் காரணம். நிறவெறி ஆட்சி ஒழிந்தது. 1995-இல் அவரே நீதிபதி ஆனார். அவர் முதன்முதலில் நுழைந்த நீதிபதி அறை, அவருடைய சொந்த அறைதான்!

1994-இல் ருவாண்டா நாட்டில் பெரும் கொடுமை நடந்தது. சுமார் 100 நாட்களில் ஏறக்குறைய 8 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். குற்றவாளிகளை விசாரிக்க ஐ.நா. சபை தனி நீதிமன்றம் அமைத்தது. நவநீதம் பிள்ளை அதில் நீதிபதி ஆனார்.

அகயேசு என்ற ஊர்த் தலைவர் மீது வழக்கு நடந்தது. மூன்று நீதிபதிகள். அவர்களில் நவநீதம் மட்டுமே பெண். ஒரு தாய் சாட்சி சொல்ல வந்தார். தன் சின்ன மகளைக் கெடுத்ததைச் சொன்னார். குற்றப் பத்திரிகையில் இந்தக் குற்றமே இல்லை. நீதிபதிகள் மேலும் கேட்டார்கள். மற்றப் பெண்களும் வாய் திறந்தார்கள். 1997-இல் இந்தக் குற்றமும் சேர்க்கப்பட்டது.

1998-இல் தீர்ப்பு வந்தது. ஓர் இனத்தை அழிக்கப் பெண்களைப் பலாத்காரம் செய்வதும் இனப்படுகொலையே என்றது தீர்ப்பு. உலகில் இதுவே முதல் முறை. அகயேசுக்கு ஆயுள் தண்டனை.

பிறகு அவர் அந்த நீதிமன்றத்தின் தலைவர் ஆனார். 2003 முதல் 2008 வரை பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்ற நீதிபதி. 2014 வரை ஐ.நா. மனித உரிமை ஆணையர்.

ஒரு தாய் துணிந்து பேசினார். நீதிபதிகள் காதுகொடுத்துக் கேட்டார்கள். உலகச் சட்டமே மாறியது.

பேசுவோம்

1. நவநீதத்தின் படிப்புக்கு யார் உதவினார்கள்?
2. அந்தத் தாய் பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?
3. நம் ஊரில் பெண்கள் கொடுமையை வெளியே சொல்ல ஏன் தயங்குகிறார்கள்?