கமக்காரருக்கு ஏற்ற காவல் நாய்: அல்சேஷனா, நாட்டு நாயா?

தோட்டத்தையும் வயலையும் காப்பதற்கென வளர்க்கப்படும் நாய், பத்து ஆண்டுகளுக்கு மேலும் உயிர்வாழக் கூடியது. விதைநெல் தெரிவதிற் காட்டும் கவனத்தை நாய்க்குட்டி தெரிவதிற் பலர் காட்டுவதில்லை. விதை தவறினால் ஒரு போகம் நட்டமாகும்; நாய் தவறினால் அந்நட்டம் பல ஆண்டு தொடரும். அழகை மட்டும் நோக்கி வாங்கிய நாய், பின்னர் சங்கிலியிற் கட்டுண்டு கிடந்து, சினம் மிகுந்து, வீட்டுப் பிள்ளையையே கடிக்க நேர்வதுண்டு.

அல்சேஷனும் நாட்டு நாயும் சுறுசுறுப்பும் விழிப்பும் உள்ளவை. எனினும் அவற்றுக்கு வேண்டிய பராமரிப்பு வேறுபட்டது.

அல்சேஷன்

இதன் தாயகம் ஜேர்மனி. ஆட்டு மந்தைகளைக் காத்த நாய்களிலிருந்து 1899 ஆம் ஆண்டு தொடக்கம் இது தனியினமாக ஒழுங்குபடுத்தப்பட்டது. ஆதலால் எசமானுடன் சேர்ந்து வேலை செய்வதே இதன் இயல்பு. வேலையும் பயிற்சியுமின்றி விடப்பட்டால், ஓயாது குரைத்தும் நிலத்தைத் தோண்டியும் தொல்லை தரும். ஆண் நாய் 30 முதல் 40 கிலோகிராம் வரை நிறையுடையது. அதற்கேற்ற உணவுச் செலவும் உண்டு.

இதன் உடலை இரண்டு படை மயிர் மூடியிருக்கும். நாய்கள் மனிதரைப் போல் உடல் முழுவதும் வியர்ப்பதில்லை. பெரும்பாலும் வாயைத் திறந்து இளைத்தே வெப்பத்தைத் தணிக்கும். எனவே உச்சி வெயிலில் அல்சேஷனை ஓட விடலாகாது. நிழலும் தண்ணீரும் எப்போதும் இருத்தல் வேண்டும். இவ்வினத்தில் இடுப்பு மூட்டுக் குறைபாடு பரம்பரையாக வருவதுண்டு. குட்டி வாங்குமுன் தாய் தந்தையின் நடையைப் பார்த்தறிதல் நன்று.

நாட்டு நாய்

இது குறுமயிருடையது, இந்நாட்டு வெப்பத்துக்குப் பழகியது, சிறிய உடலாதலின் குறைந்த உணவே போதும். கட்டாக்காலி மாடோ காட்டுப்பன்றியோ வேலியருகில் வரின், இரவில் உடனே குரல் கொடுக்கும். ஆயினும் கட்டளைகளைக் கற்பிக்கப் பொறுமை வேண்டும். ஊர் சுற்றும் பழக்கமும் உண்டு. குட்டிப் பருவத்திலிருந்தே தோட்டத்திற் பழக்கி, கருத்தடை செய்வித்தால் அது குறையும்.

எவருக்கு எது ஏற்றது?

வீட்டோடு சேர்ந்த மரக்கறித் தோட்டமும் நல்ல வேலியும் உடையவர், காலையும் மாலையும் நாயுடன் நேரம் செலவிட இயலுமாயின், அல்சேஷன் வளர்க்கலாம். வீட்டுக்குத் தொலைவில் வயல் செய்து, கதிர் முற்றும் காலத்தில் காவற்கொட்டிலில் இரவு தங்குபவருக்கு நாட்டு நாயே உகந்தது. கிழமைக்கு ஒரு முறை மட்டும் தோட்டத்துக்குச் செல்பவர் இரண்டையும் விடுத்து, முதலில் வேலியைத் திருத்துக. தனியே விடப்பட்ட நாய் காவல் செய்யாது, பசியால் வாடும்.

எந்த நாயாயினும் கவனிக்க வேண்டியவை

1. நாயின் பணி எச்சரிப்பதே. காட்டுப்பன்றியுடன் பொரும்படி அதனை ஏவலாகாது. பன்றியின் கொம்பு குடலைக் கிழித்துவிடும்.

2. வெங்காயம், உள்ளி, லீக்ஸ் என்பவை நாயின் குருதியைக் கெடுக்கும். அவை கலந்த கறிச்சோற்றையும் கொடுத்தலாகாது.

3. மருந்து தெளித்த பாத்தியில் நாயை விடலாகாது. எலிப் பாஷாணத்தையும் வெறும் மருந்துப் போத்தல்களையும் அதற்கு எட்டாதபடி வைத்தல் வேண்டும்.

4. விசர்நோய்த் தடுப்பூசியை ஆண்டுதோறும் ஏற்றுவிக்க வேண்டும். எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும். நோயுற்ற நாயின் சிறுநீராலும் அது பரவும். வயற்சேற்றில் இறங்குபவர் இதற்கான தடுப்பூசி பற்றியும் மிருக வைத்தியரிடம் கேட்டறிதல் நன்று.

5. நாய் கடித்தால், வீட்டு நாயாயினும், காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லல் வேண்டும். விசர்நோயின் குறிகள் தோன்றியபின் உயிர் பிழைத்தல் அரிது.

குட்டியைக் கொண்டுவருமுன், நாளாந்தம் அதற்கு உணவளிப்பவர் யார், அதனுடன் உலாவுபவர் யார் என்று வீட்டார் கூடித் தீர்மானிக்க வேண்டும். இவற்றுக்கு விடை கிடைத்த பின்னரே இனத்தைத் தெரிதல் முறையாகும்.