கேட்கக் கூச வேண்டாத கேள்வி



முற்றிய புற்றுநோயின் கடும் வலிக்கு மார்ஃபின் நல்ல மருந்து. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் நம் நாட்டில் அது பல ஆண்டுகள் எளிதில் கிடைக்கவில்லை. 1993-இல் கோழிக்கோட்டில் வலி நிவாரணச் சங்கத்தைத் தொடங்கியவர்களுள் ஒருவரான டாக்டர் எம். ஆர். ராஜகோபால் முதலானோரின் விடாமுயற்சியால் 2014-இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. இப்படிப் பாடுபட்டுக் கிடைத்த மருந்தை வியாதியஸ்தர் தாமே நிறுத்திவிடுவதுண்டு. வலி திரும்ப வந்துவிடுகிறது. காரணம், மலச்சிக்கல்.

மார்ஃபின் வலியை அடக்குவதோடு குடலின் அசைவையும் அடக்குகிறது. மலம் மெதுவாக நகர்வதால் அதிலுள்ள நீர் உறிஞ்சப்பட்டு இறுகிவிடுகிறது. தொடக்கத்தில் வரும் குமட்டலும் தூக்கக் கலக்கமும் பெரும்பாலும் சில நாட்களில் குறையும். மலச்சிக்கலோ மருந்து உட்கொள்ளுமட்டும் நீடிக்கும். ஆகையால் மார்ஃபின் தொடங்கும்போதே மலமிளக்கியையும் மருத்துவர் எழுதித் தருகிறார். பெரும்பாலும் குடலைத் தூண்டும் சென்னா அல்லது பிசகோடில் மாத்திரை. சென்னா நமக்கு அந்நியமல்ல. திருநெல்வேலிச் சீமையில் விளையும் நிலவாகைதான் அது.

கவனிக்க வேண்டியவை மூன்று:

1. தண்ணீர் அதிகம் குடிக்க முடியாதவருக்கு இசப்கோல் உமி ஆகாது, குடலில் அடைத்துக்கொள்ளும்.

2. பல நாள் மலம் போகாதவருக்குத் திடீரென நீராகக் கசிந்தால், பேதி என்று முடிவுகட்ட வேண்டாம். இறுகிய மலத்தைச் சுற்றிக் கசிவதாக இருக்கலாம்.

3. வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் பிரியாவிட்டால் மலமிளக்கி கொடுக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

வில்லியனூர், பாகூர் கொம்யூன் கிராமங்களில் பெரியவர்கள் இதைச் சொல்லக் கூசுகிறார்கள். கழிப்பறை தோட்டத்துக் கோடியில் இருந்தால், மருமகளுக்குத் தொந்தரவு என்று சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்துக்கொள்கிறார்கள். சிக்கல் இன்னும் கூடுகிறது. போதகரிடம் சொல்வதற்கோ இன்னும் வெட்கம். ஆகவே வீட்டுச் சந்திப்புகளில் நாங்களே முந்திக் கேட்கிறோம்: “ஐயா, கடைசியாக எப்போது வெளிக்குப் போனீர்கள்?” கேட்டதும் பலருக்கு முகம் தெளிகிறது; மருந்தை நிறுத்தியதையும் அப்போதுதான் சொல்கிறார்கள்.

நீங்கள் அனுப்பும் காணிக்கையில் மார்ஃபினோடு இந்தச் சிறு மாத்திரைகளும் வாங்கப்படுகின்றன. உங்கள் சபையில் மார்ஃபின் உட்கொள்ளும் ஒருவரைக் காணச் சென்றால், ஜெபித்து எழுந்திருக்குமுன் இக்கேள்வியைக் கேளுங்கள். மூன்று நாளாயிற்று என்றால் அன்றே அவருடைய மருத்துவருக்குச் சொல்லியனுப்புங்கள்.