ஊமை நாரையும் மனித வாடையும்

திருத்தணிக்காரர்களுக்கு மயிலைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டாம். ஆனால் நம் மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் பழவேற்காடு ஏரி இருக்கிறது. அதன் ஆந்திரப் பக்கம் நேலப்பட்டில் கூழைக்கடாவும் நாரையும் கூட்டம் கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. மழைக்குப் பிறகு அங்கே போய்வருகிறவர்கள் சொல்லும் கதைகளில் சிலவற்றைச் சரிபார்ப்போம்.

நம்பிக்கை: நாரை ஊமை.

பாதி உண்மை. வளர்ந்த நாரைக்குக் குரல் தசைகள் சரியாக வளர்வதில்லை. அதன் பேச்செல்லாம் அலகில். மஞ்சள்மூக்கு நாரை இரையோடு கூட்டில் இறங்கும்போது இணை தலையைத் தாழ்த்தி நிமிர்த்தி, இரண்டு அலகையும் கடகடவென்று தட்டும். கூடு கட்டும் பருவத்தில் அதன் முகத்தோல் சிவந்துவிடும். நத்தைக்குத்தி நாரையோ சாம்பல் நிறம் போய் வெள்ளை வெளேரென்று ஆகிவிடும். இதுவும் இணைக்குச் சொல்லும் சேதிதான். இந்த 'ஊமை'யின் குஞ்சுகள் பசித்தால் கத்துகிற கத்தலைக் கேட்டவர்கள் அப்படிப் பேர் வைத்திருக்க மாட்டார்கள்.

நம்பிக்கை: பறவைகள் கூட்டமாகக் கூடு கட்டும் இடத்தில் கேட்பது வெறும் இரைச்சல்.

நம் காதுக்கு மட்டும். வடகடல் பாறை விளிம்புகளில் நெருக்கியடித்து வாழும் கில்லிமாட் பறவையின் குஞ்சு, முட்டைக்குள் இருக்கும்போதே பெற்றோர் குரலைப் பழகிக்கொள்கிறது. கூடே கட்டாத அரசப் பெங்குவின் ஆயிரக்கணக்கான பறவைகளுக்கு நடுவே குரலை வைத்துத்தான் தன் குஞ்சைக் கண்டுபிடிக்கிறது. கண்ணுக்கான குறிகளும் உண்டு. ஹெர்ரிங் கடற்புறாவின் கீழலகில் ஒரு சிவப்புப் புள்ளி. குஞ்சு அதைக் கொத்தினால் தாய் இரையைக் கக்கும். இதை ஆராய்ந்த நிக்கோ டின்பெர்கன் 1973இல் நோபல் பரிசு பெற்றவர்.

நம்பிக்கை: பூநாரை பழவேற்காட்டில் குஞ்சு பொரிக்கிறது.

இல்லை, இங்கே இரை தேட வருகிறது. நம் நாட்டில் அதன் பெரிய குடியிருப்பு குஜராத்தின் கட்ச் ரண்ணில்.

நம்பிக்கை: மனிதர் தொட்ட குஞ்சைத் தாய் சேர்க்காது.

பாட்டிமார் சொல்லி ஊறிப்போன கதை இது. மோப்பம் பிடித்துத் தன் வளையை அடையும் கடற்பறவைகள் சில உண்டுதான். ஆனால் மனித வாடைக்காகப் பறவைகள் குஞ்சைத் தள்ளிவைப்பதில்லை. அதற்காகக் கிட்டே போகலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். ஆள் நெருங்கினால் பறவைகள் மொத்தமாக எழும்பிவிடும். அந்த நேரத்தில் முட்டை வெயிலில் காயும், காகம் வந்து தூக்கும். ஆபத்து வாடையில் இல்லை, நாம் கிளப்பும் பீதியில் இருக்கிறது.

சிவகங்கை மாவட்டம் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகளுக்காகத் தீபாவளிக்கே வெடி வெடிப்பதில்லை. நேலப்பட்டு போகிறவர்கள் அந்த அளவுக்குத் தியாகம் செய்ய வேண்டாம். பார்வைக் கோபுரத்தில் நின்று பாருங்கள். செல்போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அவற்றைக் குழப்பாதீர்கள்.