அரளியில் வளரும் அந்துப்பூச்சி

நான்குவழிச் சாலைகளின் நடுவே வரிசையாகப் பூத்து நிற்கும் அரளிச் செடிகளை ஆடுமாடுகள் மேய்வதில்லை. இதயத்துடிப்பைத் தடுமாறச் செய்யும் நஞ்சு அச்செடியின் எல்லாப் பகுதிகளிலும் உண்டு. பிற உயிர்கள் விலக்கும் அவ்விலையையே உண்டு வளர்வது அரளி அந்துப்பூச்சி. 1758ஆம் ஆண்டில் கார்ல் லின்னேயஸ் இதனை அறிவியல் முறைப்படி விவரித்தார். டாப்னிஸ் நெரியை என்னும் இதன் அறிவியல் பெயரின் பிற்பகுதி, அரளியின் பேரினப் பெயரான நீரியம் என்பதிலிருந்து வந்ததாகும்.

தோற்றமும் இயல்பும்

விரித்த நிலையில் இதன் சிறகுகள் ஏறத்தாழ 9 முதல் 11 செ.மீ. அகலம் உடையவை. இலைப்பச்சை நிறச் சிறகுகளில் இளஞ்சிவப்பும் வெண்மையும் ஊதாவும் அலையலையாகப் படர்ந்திருக்கும். பகலில் இலைகளுக்கிடையே அசையாது அமர்ந்திருப்பதால் எளிதில் புலப்படாது. அந்திப்பொழுதில் மணமிக்க மலர்களை நாடிச் சென்று, அவற்றின்மேல் அமராமல் காற்றில் நின்றபடியே நீண்ட உறிஞ்சுகுழலால் தேன் அருந்தும்.

வாழும் இடங்கள்

ஆப்பிரிக்காவிலும், இந்தியா, இலங்கை உள்ளிட்ட தெற்காசிய நாடுகளிலும் இப்பூச்சி வாழ்கிறது. கோடைக்காலத்தில் சில பூச்சிகள் தெற்கிலிருந்து ஐரோப்பாவிற்கு வலசை செல்கின்றன. அரிதாகப் பிரிட்டன் வரையிலும் சென்றடைகின்றன. ஆயினும் அங்குள்ள கடுங்குளிரை அவற்றால் தாங்க இயலாது.

புழுப்பருவம்

தாய்ப்பூச்சி இலைகளில் தனித்தனியாக முட்டையிடுகிறது. முட்டையிலிருந்து வரும் புழுவிற்கு அரளி, நந்தியாவட்டை, நித்தியகல்யாணி ஆகியவற்றின் இலைகள் உணவாகின்றன. இம்மூன்றும் ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. முழுவளர்ச்சி பெற்ற புழு 7 செ.மீ.க்கு மேல் நீளமுடையது. பச்சை உடலில், தலைக்குச் சற்றுப் பின்னே, நீலமும் வெண்மையும் கலந்த இரு கண்போன்ற புள்ளிகள் இருக்கும். ஆபத்து நேரும்போது தலையை உள்ளிழுத்து முன்னுடலைப் புடைக்கச் செய்யும். அப்போது அப்புள்ளிகள் பெரிய கண்களைப் போலத் தோன்றிப் பகையை மிரட்டும். வால்முனையில் உள்ள சிறு கொம்பு கொட்டாது. கூட்டுப்புழுவாக மாறுமுன் பழுப்பு நிறமடைந்து, நிலத்தில் கிடக்கும் சருகுகளுக்கிடையே சென்று தங்கும்.

காக்கும் வழி

தோட்டத்து நந்தியாவட்டையில் இப்புழுவைக் கண்டதும் கொம்பிற்கு அஞ்சி நசுக்குவோர் உளர். பூச்சிக்கொல்லி தெளிப்போரும் உளர். சருகைக் கூட்டி எரிக்கும்போது அதனுள் உறங்கும் கூட்டுப்புழுவும் கருகிவிடுகிறது. புழு தின்ற செடி மழைக்குப் பின் மீண்டும் துளிர்த்துவிடும். அழிந்த புழுவோ சிறகு பெறுவதில்லை. சில இலைகளையும் செடியடியில் சிறிது சருகையும் விட்டுவைப்போர் தோட்டத்திற்கே அந்தியில் இப்பச்சைப்பூச்சி மீண்டும் வரும்.