இறுதி நாட்களில் உணவும் அன்பும்

"இரண்டு நாட்களாக ஒரு வாய்க் கஞ்சிகூட இறங்கவில்லை. பட்டினி போட்டே அனுப்பிவிடுவோமோ?" ஆதரவு சிகிச்சைப் பிரிவில் குடும்பத்தார் எங்களிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. ஊட்டுவதையே அன்பின் அடையாளமாகக் கொண்ட நமக்கு, நோயாளி வாயை மூடிக்கொள்வது பெருந்துயரம். அதன் காரணத்தை முன்னரே அறிந்திருத்தல் நன்று.

உடலில் நிகழ்வது என்ன?

குணப்படுத்த இயலாத நோயின் கடைசி நாட்களில் குடலின் இயக்கம் மந்தமாகிறது, பசி அடங்குகிறது, விழுங்கும் ஆற்றல் தளர்கிறது. உண்ணாமையால் இறப்பு நெருங்குவதில்லை. இறப்பு நெருங்குவதால் உண்ணும் விருப்பம் அகல்கிறது. இந்நிலையில் வற்புறுத்தி ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் புகுந்து திணறல் ஏற்படலாம். குளுக்கோஸ் ஏற்றுவதும் பெரும்பாலும் பயன் தருவதில்லை. அந்நீர் கால்களிலும் நுரையீரலிலும் தேங்கித் துன்பத்தைக் கூட்டக்கூடும்.

எனினும், நோயின் முந்தைய நிலைகளில் பசியின்மைக்கு வாய்ப்புண், மலச்சிக்கல், குமட்டல் போன்ற தீர்க்கத்தக்க காரணங்கள் இருக்கலாம். ஆகவே எது எந்நிலை என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெளிக.

நீங்கள் செய்யத்தக்கவை

• அவர் விரும்பிக் கேட்டால், விழிப்புடன் இருக்கும்போது தலையை உயர்த்தி, ஒரு சிறு கரண்டியளவு கொடுங்கள். வேண்டாமெனில் விட்டுவிடுங்கள்.

• ஈரமான மெல்லிய துணியால் வாயையும் நாவையும் அடிக்கடி நனைத்துவிடுங்கள்.

• மூச்சில் கரகரப்பு ஒலி எழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்.

• வாயில் பால் ஊற்றும் வழக்கம் உங்கள் குடும்பத்தில் இருப்பின், பாலில் நனைத்த துணியால் உதடுகளைத் தொடுங்கள். வழக்கமும் நிறைவேறும், திணறலும் நேராது.

• கையைப் பற்றிக்கொண்டு பேசுங்கள். பதில் வராவிடினும் அவருக்குக் கேட்கக்கூடும்.

பிரிவுக்குப் பின்

1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் இல்லத்தைத் தொடங்கிய மருத்துவர் சிசிலி சாண்டர்ஸ், நோயாளியோடு அவர் குடும்பத்தையும் பராமரிப்புக்கு உரியோராகக் கருதினார். அவ்வழியிலேயே நாங்களும் நடக்க முயல்கிறோம். பதினாறாம் நாள் காரியம் முடிந்து உறவினர் ஊர் திரும்பிய பின்னரே பல வீடுகளில் வெறுமை உறைக்கிறது. 'இன்னும் கொஞ்சம் ஊட்டியிருக்கலாமோ' என்ற குற்றவுணர்வு அப்போது தலைதூக்கும். நீங்கள் உணவை மறுக்கவில்லை. உடல் ஏற்க இயலாததை அதன்மீது திணிக்காமல் இருந்தீர்கள். அதுவும் பராமரிப்பே.

குழந்தைகளிடம் 'தூங்குகிறார்', 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்று கூறாதீர்கள். இறந்துவிட்டார், திரும்பி வரமாட்டார் என்பதை எளிய சொற்களில் சொல்லி அருகில் இருங்கள்.

துக்கத்துக்குக் கால எல்லை இல்லை. அழுவது பலவீனமும் அன்று. ஆனால் மாதங்கள் கடந்தும் உறக்கமும் அன்றாடக் கடமைகளும் சீராகாவிடின் எங்கள் பிரிவை அணுகுங்கள். உயிர் வாழ விருப்பமில்லை என்ற எண்ணம் தோன்றினால் ஒரு நாளும் தாமதிக்க வேண்டா. அரசின் டெலி மானஸ் உதவி எண் 14416இல் எந்நேரமும் தமிழில் பேசலாம்.