பழைய அம்பாசடருக்கு டிஸ்க் பிரேக்

கேள்வி: அப்பா வைத்திருந்த அம்பாசடரை இன்னும் ஓட்டுகிறேன். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். முன்னால் டிஸ்க் மாற்றி, சஸ்பென்ஷனையும் புதுப்பிக்கலாமா?
– வாசகர், காரைக்குடி

பதில்: தாராளமாக. ஆனால் டிஸ்க்கை மட்டும் மாட்டினால் போதாது. டிரம் பிரேக்கில், சுழலும் டிரம்மே ஷூவைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். அதனால் பெடலை லேசாக மிதித்தாலே பிடிக்கும். டிஸ்க்கில் அந்த உதவி கிடையாது. எனவே வேக்குவம் பூஸ்டர் அவசியம். பழைய மாஸ்டர் சிலிண்டரையும் விட்டுவைக்காதீர்கள். டிரம்முக்கென லைனில் சிறிது அழுத்தத்தைத் தக்கவைக்கும் வால்வு அதில் இருந்தால், டிஸ்க் பேட் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறும். அதோடு, ஒற்றைச் சுற்று லைனில் ஓரிடத்தில் கசிந்தாலும் நான்கு சக்கரமும் பிடிக்காது. முன், பின் தனித்தனியாக இயங்கும் டேண்டம் சிலிண்டரைக் கேட்டு வாங்குங்கள். என்னைக் கேட்டால், டிஸ்க்கைவிட இதுதான் முக்கியம்.

ரப்பர் ஹோஸ்களை மாற்றிவிடுங்கள். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, ஈரமேறியதும் அது 155 வரை இறங்கிவிடலாம். மலைப்பாதை இறக்கத்தில் பெடல் தரைவரை போவது இதனால்தான். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை புது ஆயில் ஊற்றுங்கள்.

சஸ்பென்ஷனில் புஷ், ஷாக் அப்சார்பர், பின் லீஃப் ஸ்பிரிங் ஆகியவற்றைப் பாருங்கள். தொய்ந்த ஸ்பிரிங்குக்குக் கூடுதல் பட்டை செருகச் சொல்வார்கள், வேண்டாம். வண்டி கட்டையாகி, பள்ளத்தில் டயர் துள்ளும். துள்ளும் டயரில் எந்த பிரேக்கும் பிடிக்காது.